நிலவெப்ப உப்புநீர்க் குளியல் குளம்: பம்பும் சூடேற்றமும் தடையின்றி ஓட ஒரு முழுமையான வழிகாட்டி

நிலவெப்பக் குளங்களின் பம்பு அறைகளில் நான் கண்ட கோளாறுகளில் பெரும்பாலானவற்றுக்கு உப்பே காரணம். புதிதாக வருபவர்கள் ஹீட் பம்பின் (மின்சாரத்தின் துணையோடு குறைந்த சூட்டை உயர்ந்த சூடாக்கித் தரும் இயந்திரம்) திறனையும் கிணற்றின் ஆழத்தையும் பற்றி வாரக்கணக்கில் பேசிவிட்டு, உப்புநீர் எந்த உலோகத்தைத் தொடப்போகிறது என்ற கேள்வியைக் கடைசி நாளுக்குத் தள்ளிவிடுகிறார்கள். அந்த வரிசையை மாற்றுவதற்காகவே இதை எழுதுகிறேன்.

இரண்டு விதிகளை முதலிலேயே மனத்தில் நிறுத்திக்கொள்ளுங்கள். உப்புநீர் பயணிக்கும் தூரம் இயன்றவரை குறைவாக இருக்க வேண்டும். உப்புநீர் தொடும் ஒவ்வொரு கருவியையும் குளத்தை மூடாமலேயே கழற்றிச் சுத்தம் செய்ய முடிய வேண்டும். கீழே வரும் படிகள் எல்லாம் இந்த இரண்டிலிருந்து பிறந்தவை.

1. உங்கள் குளம் எந்த வகை என்று முடிவு செய்யுங்கள்

ஐஸ்லாந்தின் வடகரையில் ஹூசவிக் ஊரில் 2018-இல் திறக்கப்பட்ட ஜியோசீ குளங்களில், ஆழ்துளைக் கிணற்றிலிருந்து 38, 39 டிகிரியில் வரும் உப்புநீர் நேராகக் குளத்துக்குள் பாய்ந்து வழிந்து வெளியேறுகிறது. அங்கே நீரைச் சூடேற்ற வேண்டிய தேவையே இல்லை.

இங்கிலாந்தின் கார்ன்வால் கரையில் பென்சான்ஸ் ஊரிலுள்ள ஜூபிலி குளத்தில் நிலைமை வேறு. 1935-இல் கட்டப்பட்ட அந்தக் கடல்நீர்க் குளத்தின் ஒரு பகுதியைத் தடுத்து, 410 மீட்டர் ஆழக் கிணற்றின் வெப்பத்தால் 30 முதல் 35 டிகிரி வரை சூடேற்றும் அமைப்பு 2020-இல் பயன்பாட்டுக்கு வந்தது. கிணற்று நீரின் வெப்பம் மட்டும் எடுக்கப்பட்டு, ஹீட் பம்பின் துணையோடு உயர்த்தப்பட்டு, குளத்து நீருக்கு மாற்றப்படுகிறது.

இந்த வழிகாட்டி இரண்டாம் வகைக்கானது, ஏனெனில் உலகின் பெரும்பாலான கரைகளில் கிடைக்கும் கிணற்று நீர் நேராகக் குளிக்கும் அளவுக்குச் சூடாக இருப்பதில்லை. உங்கள் கிணற்று நீர் 38 டிகிரிக்கு மேல் வந்தால் ஹீட் பம்பு பற்றிய பகுதிகளை விட்டுவிட்டு மற்றவற்றைப் பின்பற்றலாம்.

2. எந்தக் கருவியும் வாங்கும் முன் நீரைச் சோதியுங்கள்

கிணற்று நீரையும் கடல் நீரையும் தனித்தனியாக ஆய்வகத்துக்கு அனுப்ப வேண்டும். சாதாரணக் கடல் நீரில் லிட்டருக்கு 35 கிராம் அளவில் உப்பு இருக்கும். அதில் குளோரைடு மட்டும் சுமார் 19 கிராம். கிணற்று நீரில் இந்த விகிதம் முற்றிலும் மாறியிருக்கலாம் என்பதால் குளோரைடு, கால்சியம், கார்பனேட்டு, இரும்பு, மாங்கனீசு, சிலிக்கா, ஹைட்ரஜன் சல்பைடு, அம்மோனியா ஆகிய எட்டையும் கேளுங்கள்.

ஒவ்வொன்றுக்கும் ஒரு காரணம் உண்டு. இரும்பு காற்றுப் பட்டவுடன் செம்பழுப்பு வண்டலாக மாறி வெப்பப் பரிமாற்றியை (இரு நீர்களும் கலக்காமல் வெப்பத்தை மட்டும் தகடுகள் வழியே மாற்றும் கருவி) அடைக்கும். ஹைட்ரஜன் சல்பைடும் அம்மோனியாவும் செம்புக் கலவைகளை அரிக்கும். சிலிக்கா நீர் குளிரும்போது படியும். ஐஸ்லாந்தின் ஸ்வார்ட்செங்கி நிலவெப்ப நிலையத்தின் கழிவுநீர் எரிமலைப் பாறைக்குள் இறங்காமல் தேங்கிப் புளூ லகூன் உருவானதற்கு, அந்தச் சிலிக்கா பாறைத் துளைகளை அடைத்ததே காரணம். பாறையை அடைத்த பொருள் உங்கள் குழாயையும் அடைக்கும்.

மாதிரி எடுக்கும் முறையில்தான் பலர் தவறுகிறார்கள். கிணறு தோண்டிய மறுநாள் எடுத்த மாதிரியில் துளையிடும் சேறும் மேலிருந்து ஊற்றிய நீரும் கலந்திருக்கும். குறைந்தது ஒரு முழு நாள் பம்பு ஓடிய பிறகே மாதிரி எடுங்கள். கரையோரக் கிணறு என்றால் ஓதம் ஏறியிருக்கும்போது ஒன்றும் இறங்கியிருக்கும்போது ஒன்றும் எடுத்து ஒப்பிடுங்கள்.

கார்ன்வால் போன்ற கருங்கல் நிலங்களில் கிணற்று நீரோடு ரேடான் வாயுவும் வரக்கூடும். அது மூடிய பம்பு அறையில் தங்கும் என்பதால், காற்றோட்டத்தை வரைபடத்திலேயே சேர்த்துவிடுங்கள்.

3. வெப்ப இழப்பைக் கணக்கிடுங்கள்

திறந்தவெளிக் குளத்தில் வெப்பத்தின் பெரும்பங்கு நீர் ஆவியாவதில் போகிறது. இதை உணராதவர்கள் குளத்தின் கன அளவை மட்டும் பார்த்துச் சூடேற்றும் கருவியை வாங்கிவிடுகிறார்கள்.

ஓர் எடுத்துக்காட்டு. 200 சதுர மீட்டர் பரப்பும் 1.3 மீட்டர் ஆழமும் உள்ள குளம். நீர் 33 டிகிரி, காற்று 10 டிகிரி, ஈரப்பதம் 80 விழுக்காடு. காற்று அசையாமல் இருந்தால் ஆவியாதலால் சதுர மீட்டருக்குச் சுமார் 0.36 கிலோவாட் போகும். நொடிக்கு 3 மீட்டர் வேகத்தில் காற்று வீசினால் அதுவே 1.3 கிலோவாட் ஆகிவிடும். காற்றுக்கு நேராகக் கடத்தப்படும் வெப்பத்தையும் வானை நோக்கிக் கதிர்வீசிப் போவதையும் சேர்த்தால் சதுர மீட்டருக்கு 2 கிலோவாட்டை நெருங்கும். 200 சதுர மீட்டருக்கு 400 கிலோவாட்.

இந்தக் கணக்கைப் போட்டவர், ஹீட் பம்புக்கு விலை கேட்கும் முன் காற்றுத் தடுப்புச் சுவருக்கு விலை கேட்பார். நீர்ப்பரப்பில் காற்றின் வேகம் 3 மீட்டரிலிருந்து 1 மீட்டராகக் குறைந்தால் ஆவியாதல் ஏறத்தாழப் பாதியாகிறது. இரவில் குளத்தின்மேல் விரிக்கும் மிதக்கும் உறை அதைவிடப் பெரிய சேமிப்பைத் தரும். சுவர், உறை, அதன் பிறகே இயந்திரம் என்ற வரிசையை மாற்றாதீர்கள்.

கிணறு எவ்வளவு தரும் என்பதற்கு எளிய கணக்கு உண்டு. நொடிக்கு 1 லிட்டர் உப்புநீர் 1 டிகிரி குளிர்ந்தால் சுமார் 4 கிலோவாட் கிடைக்கும். நொடிக்கு 10 லிட்டர் நீரை 10 டிகிரி குளிர்வித்தால் 400 கிலோவாட். ஹீட் பம்பின் செயல்திறன் எண் 4 என்றால், அதாவது ஒரு பங்கு மின்சாரத்துக்கு நான்கு பங்கு வெப்பம் தருமென்றால், குளத்துக்கு 400 கிலோவாட் தர கிணறு 300-ஐயும் மின்சாரம் 100-ஐயும் கொடுக்க வேண்டும்.

4. கிணற்றுப் பம்பைத் தேர்ந்தெடுங்கள்

முதலில் கிணற்றைப் படிப்படியாக அதிகரிக்கும் ஓட்டத்தில் சோதித்து, பிறகு தேவையான ஓட்டத்தில் இரண்டு மூன்று நாள் தொடர்ந்து ஓட்டிப் பாருங்கள். நீர்மட்டம் எங்கே நிலைக்கிறதோ அதற்குப் பல மீட்டர் கீழே பம்பு தொங்க வேண்டும். சோதனையின் முதல் மணி நேர மட்டத்தை நம்பிப் பம்பை மேலே தொங்கவிட்டால், கோடையில் ஒரு நாள் அது காற்றை உறிஞ்சும்.

மோட்டாரின் பெயர்ப்பலகையில் நீர் வெப்பநிலையைப் பாருங்கள். சாதாரண நீர்மூழ்கி மோட்டார்கள் 30 டிகிரி நீருக்கென்று வடிவமைக்கப்பட்டவை. சுற்றிலும் பாயும் நீர்தான் அவற்றைக் குளிர்விக்கிறது. நீர் அதைவிடச் சூடாக வரும் கிணற்றில், தேவையைவிட ஒரு படி பெரிய மோட்டாரை எடுத்துக் குறைந்த சுமையில் ஓட்டுங்கள். கிணறு அகலமாகவும் மோட்டார் சிறிதாகவும் இருந்தால் அதைச் சுற்றி ஓர் உறைக்குழாய் போட்டு நீரை மோட்டாரை ஒட்டிப் பாய வையுங்கள்.

செலவையும் இங்கேயே எழுதிக்கொள்ளுங்கள். நொடிக்கு 10 லிட்டரை மொத்தம் 80 மீட்டர் உயர அழுத்தத்துக்குத் தூக்க, பம்பும் மோட்டாரும் சேர்ந்த திறன் 60 விழுக்காடு என்றால், 13 கிலோவாட்டுக்குச் சற்று மேல் ஆகும். அது நாள் முழுதும் ஓடும் செலவு. அதனால் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் வி.எஃப்.டி. கட்டாயம் வேண்டும், திடீரென முழு வேகத்தில் கிளம்பும் பம்பு பாறை இடுக்குகளிலிருந்து மணலையும் இழுத்து வரும்.

நீரைத் திருப்பி நிலத்துக்குள் விடுவதானால், திரும்பும் குழாயின் முனை எப்போதும் நீர்மட்டத்துக்குக் கீழே இருக்கட்டும். மேலிருந்து கொட்டினால் காற்றுக் கலந்து, கரைந்த இரும்பு வண்டலாகி, கிணற்றின் துளைகளை அடைத்துவிடும்.

5. உலோகங்களை முடிவு செய்யுங்கள்

இந்தப் படியில் அவசரப்படாதீர்கள்.

எஸ்.எஸ். 316 (துருப்பிடிக்காத எஃகின் ஒரு வகை) என்றால் கடல் நீருக்கு ஏற்றது என்ற நம்பிக்கை பரவலாக இருக்கிறது. குளிர்ந்த, ஓடும் நீரில் அது ஓரளவு தாங்கும். வெதுவெதுப்பான, குளோரின் கலந்த, தேங்கி நிற்கும் உப்புநீரில் அது தாங்காது. ஒரு பம்பு அறையில் நெகிழ்குழாயை இறுக்கியிருந்த எஸ்.எஸ். பட்டையைக் கழற்றினேன். வெளிப்புறம் கண்ணாடிபோல் பளபளத்தது. உள்பக்கம், ரப்பரை ஒட்டியிருந்த இடத்தில், ஊசியால் குத்தியதுபோல் வரிசையாகத் துளைகள். திருகின் தலையைத் தொட்டதும் அது விரலோடு வந்துவிட்டது. ஆக்சிஜன் எட்டாத இடுக்கில் குளோரைடு செறிந்து உலோகத்தின் பாதுகாப்புப் படலத்தை உடைப்பதால் இப்படி நடக்கிறது. வெளியே பார்த்து ஒன்றும் தெரிந்துகொள்ள முடியாது என்பதுதான் இதன் ஆபத்து.

ஆகவே வெப்பப் பரிமாற்றியின் தகடுகள் டைட்டானியமாக இருக்கட்டும். பம்பின் உடலும் சுழல் சக்கரமும் குளோரைடு அரிப்பை நன்கு தாங்கும் சூப்பர் டூப்ளக்ஸ் எஃகாகவோ, குளத்துப் பக்கத்தில் தரமான பிளாஸ்டிக்காகவோ இருக்கட்டும். குழாய்களுக்குப் பி.வி.சி., பாலிஎதிலீன், கண்ணாடி இழைக் குழாய் ஆகியவை போதும், ஆனால் பி.வி.சி. சூட்டில் வலுவிழக்கும் என்பதால், 20 டிகிரிக்குக் குறித்த அழுத்த அளவை 40 டிகிரிக்குப் பொருந்துவதாக எண்ணாதீர்கள். பித்தளையை உப்புநீரில் பயன்படுத்த வேண்டாம். அதிலுள்ள துத்தநாகம் கரைந்து, தொட்டால் உதிரும் செம்பு மட்டும் மிஞ்சும்.

உலோகங்களின் சேர்க்கையையும் கவனியுங்கள். டைட்டானியப் பரிமாற்றிக்குப் பக்கத்திலேயே வார்ப்பிரும்புப் பம்பை இணைத்தால், உப்புநீர் அந்த இரண்டையும் ஒரு பேட்டரியாக மாற்றி வார்ப்பிரும்பைத் தின்னும். பெரிய டைட்டானியப் பரப்பும் சிறிய இரும்புப் பரப்பும் சேர்ந்தால் வேகம் இன்னும் கூடும். இடையே பிளாஸ்டிக் குழாய்த் துண்டைப் போட்டு, போல்ட்டுகளுக்கு மின்காப்பு வாஷர்களைப் பொருத்துங்கள்.

ரப்பர் வளையங்களையும் விட்டுவிடாதீர்கள். சூடான குளோரின் நீருக்கு இ.பி.டி.எம். ரப்பர் ஏற்றது. ஆனால் அதில் சாதாரண எண்ணெய் கிரீஸைத் தடவினால் ஊதிப்போகும். சிலிக்கோன் கிரீஸ் மட்டும் போதும்.

6. வெப்பப் பரிமாற்றிகளையும் ஹீட் பம்பையும் இணையுங்கள்

உப்புநீர் ஹீட் பம்புக்குள் நுழையவே கூடாது. கிணற்று நீருக்கும் ஹீட் பம்புக்கும் நடுவில் ஒரு டைட்டானியத் தகட்டுப் பரிமாற்றி, நன்னீர் சுழலும் ஒரு மூடிய சுற்று. ஹீட் பம்புக்கும் குளத்துக்கும் நடுவில் இன்னொரு பரிமாற்றி, இன்னொரு மூடிய சுற்று. பரிமாற்றி ஒவ்வொன்றிலும் ஓரிரு டிகிரி இழப்பு உண்டு என்று சொல்லி, சிக்கனம் கருதி ஒன்றை நீக்கிவிடும்படி சிலர் ஆலோசனை தருவார்கள். ஏற்காதீர்கள். தகடு ஓட்டையானால் தகட்டை மாற்றலாம்; ஹீட் பம்புக்குள் உப்புப் போனால் இயந்திரத்தையே மாற்ற நேரிடும்.

மூடிய சுற்றின் அழுத்தத்தை உப்புநீர்ப் பக்கத்தைவிட அதிகமாக வையுங்கள். தகட்டில் விரிசல் விழுந்தால் நன்னீர் வெளியே கசியுமே தவிர உப்பு உள்ளே வராது. சுற்றின் அழுத்தம் இறங்குவதே எச்சரிக்கையாகிவிடும். அதே சுற்றில், உப்பு கலந்தால் காட்டிக்கொடுக்க, மின்கடத்துதிறன் மானி ஒன்றையும் வையுங்கள். உறைபனி காரணமாகக் கிளைகால் (நீர் உறையாமல் தடுக்கும் திரவம்) சேர்க்க வேண்டியிருந்தால், கசிந்தால் குளிப்பவரைச் சேரும் என்பதால், புரோப்பிலீன் கிளைகாலையே பயன்படுத்துங்கள்.

பரிமாற்றியை இரட்டையாக வாங்குங்கள். ஒவ்வொன்றும் தேவையில் 60, 70 விழுக்காட்டைத் தரும் அளவில் இருந்தால் போதும். ஒன்றைப் பிரித்துத் தேய்க்கும்போது மற்றது குளத்தைத் தாங்கும். தகடுகளைப் பிரித்து இழுக்க ஒரு பக்கத்தில் இடம் விட வேண்டும். பரிமாற்றியைச் சுவரோடு ஒட்டி வைத்துவிட்டு, முதல் சுத்திகரிப்பின்போது சுவரை இடித்தவர்கள் இருக்கிறார்கள்.

கிணற்று நீரின் பாதை முழுவதும் அழுத்தத்திலேயே இருக்கட்டும். அழுத்தத்தை இறங்கவிடாமல் நிறுத்தும் வால்வை அந்தப் பாதையின் கடைசியில் வையுங்கள். நடுவில் அழுத்தம் விழுந்தால் கரைந்த கரியமில வாயு பிரிந்து, சுண்ணாம்பு பரிமாற்றியின் தகடுகளிலேயே படியும். குளத்துப் பக்கத்தில், பரிமாற்றிக்குள் வரும் சூட்டை 45, 50 டிகிரிக்குள் அடக்கினால் கடல் நீரின் கால்சியமும் மக்னீசியமும் படிவது வெகுவாகக் குறையும்; ஹீட் பம்பும் குறைந்த மின்சாரத்தில் ஓடும்.

7. குளத்தின் சுழற்சிப் பம்பும் வடிகட்டியும்

வெதுவெதுப்பான பொதுக் குளத்தில் கிருமி வேகமாகப் பெருகும் என்பதால் நீர் முழுவதும் ஒன்றரை மணி நேரத்துக்கு ஒரு முறையாவது வடிகட்டியைக் கடக்க வேண்டும். மேலே எடுத்துக்காட்டிய நம் 260 கன மீட்டர் குளத்துக்கு மணிக்குச் சுமார் 173 கன மீட்டர். மணல் வடிகட்டியில் நீரின் வேகம் மணிக்கு 25 மீட்டரைத் தாண்டாதிருக்க 7 சதுர மீட்டர் வடிகட்டிப் பரப்பு தேவை. பம்புகள் மூன்று இருக்கட்டும். இரண்டு ஓடவும் ஒன்று காத்திருக்கவும்.

பம்பு எப்போதும் சமநிலைத் தொட்டியின் (குளத்திலிருந்து வழியும் நீர் சேரும் தொட்டி) நீர்மட்டத்துக்குக் கீழே அமர வேண்டும். சூடான நீர் உறிஞ்சும் குழாயில் எளிதில் ஆவிக் குமிழ்களாகி, கூழாங்கற்கள் உருளும் ஓசையோடு சுழல் சக்கரத்தைக் கொத்திவிடும். அந்த ஓசை கேட்டால் பம்பை மாற்ற ஓடாதீர்கள். முதலில் முன்வடிகட்டியின் கூடையைத் திறந்து பாருங்கள். கடல் நீர் நிரப்பிய மறுநாள் அதில் கடற்பாசி அடைத்திருக்கும்.

குளத்தடியில் உறிஞ்சும் வாய்கள் குறைந்தது இரண்டு இருக்க வேண்டும். அவை ஒன்றுக்கொன்று விலகியும், கம்பித்தட்டில் நீரின் வேகம் நொடிக்கு அரை மீட்டருக்கு உட்பட்டும் இருக்க வேண்டும். ஒரே வாய் இருந்து அதன்மேல் ஒரு குழந்தை உட்கார்ந்துவிட்டால் பம்பின் முழு உறிஞ்சலும் அந்த உடலின்மேல் விழும். இதில் எந்தச் சமரசமும் கூடாது.

8. கிருமிநீக்கம்

கடல் நீரில் லிட்டருக்கு 65 மில்லிகிராம் அளவில் புரோமைடு உண்டு. நீங்கள் குளோரின் போட்டாலும் அது புரோமைடோடு வினைபுரிந்து புரோமினாகவே வேலை செய்கிறது. சோதனைக் கருவி குளோரின் என்று காட்டும் எண்ணை 2.25-ஆல் பெருக்கினால்தான் புரோமின் அளவு கிடைக்கும். அளவு அட்டவணை குளோரினுக்கானதா புரோமினுக்கானதா என்று பார்க்காமல் மருந்தை ஊற்றுவது பரவலான தவறு.

வீட்டுக் குளங்களுக்கு விற்கப்படும் உப்பு மின்பகுப்புக் கருவியை வாங்காதீர்கள். அது லிட்டருக்குச் சில கிராம் உப்புக்கானது; கடல் நீரில் மின்னோட்டம் மிகுந்தும் தகடுகளில் வெள்ளைப் படிவு ஏறியும் பழுதாகும்.

9. உப்பின் அளவைக் காத்தல்

மேலே சொன்ன காற்று வீசும் நாளில் நம் குளம் மணிக்கு ஏறத்தாழ 390 லிட்டர் நீரை ஆவியாக இழக்கிறது. உப்பு மட்டும் குளத்திலேயே தங்கும். குறையும் நீருக்கு ஈடாகக் கடல் நீரையே சேர்த்துக்கொண்டிருந்தால் வாரங்கள் செல்லச் செல்லச் செறிவு கூடி, கண்ணும் உலோகமும் ஒருசேர எரியும். ஆவியாகும் அளவுக்கு நன்னீரும், வடிகட்டியைக் கழுவி வெளியேற்றும் அளவுக்குக் கடல் நீரும் சேர்ப்பதே சரி.

10. கட்டுப்பாடும் காவலும்

குளத்தின் வெப்பநிலையைக் கட்டுப்படுத்தும் உணரியும், 40 டிகிரியில் சூடேற்றத்தைத் துண்டிக்கும் உணரியும் வெவ்வேறாக, வெவ்வேறு கம்பிகளில் இருக்க வேண்டும். ஓர் உணரி பழுதாகிக் குளிர்ந்த நீர் என்று பொய் சொன்னால், அதையே நம்பும் காவலால் பயன் இல்லை.

குளத்தில் நீரோட்டம் இல்லையென்றால் சூடேற்றமும் மருந்துப் பம்பும் தானாக நிற்க வேண்டும். மின்சுற்றுகளுக்கு 30 மில்லி ஆம்பியர் கசிவுத் துண்டிப்பான் வேண்டும். கிணற்று நீரில் ஹைட்ரஜன் சல்பைடு இருந்தால் வாயு உணரியைத் தரைக்கு அருகில் பொருத்துங்கள். அது காற்றைவிடக் கனமானது, அதிக அளவில் மூக்கை மரத்துப்போகச் செய்வது, ஆகவே வாடை தெரியும் என்று நம்பி உள்ளே இறங்காதீர்கள்.

11. முதல் ஓட்டம்

முதலில் நன்னீரால் எல்லாக் குழாய்களையும் கழுவி, ஓடும் அழுத்தத்தைப்போல ஒன்றரை மடங்கில் கசிவுச் சோதனை செய்யுங்கள். சோதனையை உப்புநீரில் செய்து, அதை வாரக்கணக்கில் குழாய்களில் தேங்கவிடுவதுதான் நான் மிக அதிகம் கண்ட தொடக்கத் தவறு. குளம் திறக்கும் முன்பே அரிப்பு தொடங்கிவிடுகிறது.

பிறகு கடல் நீரை நிரப்பி, வெப்பநிலையை மணிக்குக் கால் டிகிரி வீதம் ஏற்றுங்கள். 12 டிகிரியிலிருந்து 33-க்கு மூன்றரை நாள் ஆகும். அவசரப்பட்டால் ஓடுகளும் இணைப்புப் பூச்சும் விரிசல் விடும். இந்த நாள்களில் உறை விரித்தே இருக்கட்டும்.

33 டிகிரி வந்தவுடன் ஒரு முழு நாளின் எண்களை எழுதி வையுங்கள்: ஒவ்வொரு பரிமாற்றியின் நான்கு வெப்பநிலைகள், இரு பக்க அழுத்த வேறுபாடு, ஒவ்வொரு பம்பின் ஆம்பியர், கிணற்றின் நீர்மட்டம். புதிதாக இருந்தபோது இயந்திரம் எப்படி ஓடியது என்பதற்கு வேறு சாட்சி கிடைக்காது.

12. தொடர் பராமரிப்பு

வாரம் ஒரு முறை அந்த எண்களை மீண்டும் எடுங்கள். பரிமாற்றியின் அழுத்த வேறுபாடு கூடினால் அடைப்பு. அழுத்தம் மாறாமல் வெப்பம் மட்டும் குறைந்தால் தகட்டில் மெல்லிய படிவு. கிணற்றுப் பம்பின் ஆம்பியர் குறைந்து ஓட்டமும் குறைந்தால் சக்கரம் தேய்ந்திருக்கலாம், அல்லது நீர்மட்டம் இறங்கியிருக்கலாம். மட்டத்தை அளந்த பிறகே பம்பை வெளியே எடுங்கள்.

சுண்ணாம்புப் படிவைச் சிட்ரிக் அமிலம் கரைக்கும். சிலிக்காவை அது தொடாது. பாசியும் வழவழப்பும் மட்டும் என்றால் நைலான் தூரிகையும் நன்னீரும் போதும். கம்பித் தூரிகையால் டைட்டானியத் தகட்டைத் தேய்க்காதீர்கள். அதன் இரும்புத் துகள்கள் தகட்டில் பதிந்துவிடும்.

காத்திருக்கும் பம்பை வாரந்தோறும் முறை மாற்றி ஓட்டுங்கள். ஓடாமல் நிற்கும் பம்பில் உப்பு இறுகி மெக்கானிக்கல் சீல் (சுழலும் தண்டைச் சுற்றி நீர் கசியாமல் தடுக்கும் பகுதி) ஒட்டிக்கொள்ளும். பம்பு தேவைப்படும் நாளில் சுழலத் தொடங்கும்போது சீல் கிழிந்துவிடும். சில வாரங்களுக்கு நிறுத்தப்போகும் எந்தக் கருவியையும் நன்னீரால் கழுவி, வடித்து, உலரவிட்ட பிறகே வால்வுகளை மூடுங்கள்.

கிணற்றுப் பம்புக்கு மாற்று ஒன்று கேபிளோடு கிடங்கில் இருக்க வேண்டும். அதைத் தூக்கி இறக்கும் கிரேன் வண்டி கிணற்றுக்கு அருகில் வந்து நிற்க இடம் உண்டா என்பதை, கிணற்றைச் சுற்றி நடைபாதையும் பூச்செடியும் அமைக்கும் முன்பே பார்த்துவிடுங்கள்.